திருச்சியிலிருந்து தெற்கே ஒரு நாள்

வெளியூரிலிருந்து வரும் சொந்தக்காரர்கள் எல்லாரும் திருச்சியில் கேட்பது ஒரே கேள்விதான். “மலைக்கோட்டை பாத்தாச்சு, ஸ்ரீரங்கம், சமயபுரம் எல்லாம் போயாச்சு. நாளைக்குக் கார் எடுத்துக்கிட்டு எங்க போலாம்?” உடனே வீட்டில் யாராவது கொடைக்கானல் என்பார்கள், இன்னொருவர் தஞ்சாவூர் என்பார். தஞ்சாவூரை நான் ஒரு நாளும் மறுக்க மாட்டேன். ஆனால் கொடைக்கானலுக்குக் காலையில் கிளம்பி இரவே திரும்புவதென்றால், அன்று முழுக்கப் பார்ப்பது முன்னால் போகும் லாரியின் முதுகைத்தான். எனக்கு நெடுநாளாக ஒரு பதில் இருக்கிறது. புதுக்கோட்டை ரோட்டைப் பிடியுங்கள். விமான நிலையத்தைத் தாண்டி முக்கால் மணி நேரம் போனால், ஆயிரம் வருடம், இரண்டாயிரம் வருடம் பழைய பாறைகள் வெட்டவெளியில் கிடக்கின்றன. பெரும்பாலான நாட்களில் அங்கே கூட்டமே இருக்காது.

ராமேசுவரத்துக்கும் காரைக்குடிக்கும் போகிற கார்கள் அந்தச் சாலையில் நாள் முழுக்க ஓடுகின்றன. நிற்பவை குறைவு. அந்த வருத்தத்தில்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் வழியைச் சொல்லிவிடுகிறேன். திருச்சியிலிருந்து கீரனூர் வழியாக நார்த்தாமலை, அங்கிருந்து சித்தன்னவாசல், மதியச் சாப்பாட்டுக்குப் புதுக்கோட்டை, சாயங்காலம் குடுமியான்மலை, பிறகு இலுப்பூர் வழியாகக் கொடும்பாளூர் போய், மதுரை நெடுஞ்சாலையைப் பிடித்து வீட்டுக்கு. போன பாதையில் திரும்ப வேண்டியதில்லை. தூரம் பெரிதில்லை, நேரம்தான் முக்கியம். கருங்கல் பாறை வெயிலில் காய்ந்துவிட்டால் செருப்பில்லாமல் ஒரு அடி வைக்க முடியாது, எனவே பாறை ஏறும் இடங்களைக் காலையில் முடித்துவிட வேண்டும். வழிபாடு நடக்கும் கோயில்கள் நண்பகலில் நடை சாத்திச் சாயங்காலம் நாலு மணிக்கு மேல்தான் திறக்கும், அவற்றைப் பின்னால் வைத்துக்கொள்ள வேண்டும். இந்த இரண்டும் பிடிபட்டால் மீதி தானாக அமைந்துவிடும்.

நார்த்தாமலைக்கு ஆறரை மணிக்கெல்லாம் வந்துவிடுங்கள். கீரனூர் தாண்டியதும் திருப்பம் வரும். முத்துமாரியம்மன் கோயிலால்தான் ஊருக்குப் பேர். பங்குனித் திருவிழாவில் சாலை கொள்ளாத கூட்டம் நிற்கும். மற்ற நாட்களில் அமைதியான கிராமம். ஊரைச் சுற்றிச் சிறிதும் பெரிதுமாக மொட்டைக் குன்றுகள். அவற்றில் மேலமலை என்பதில்தான் விஜயாலய சோழீச்சுரம் இருக்கிறது. படிக்கட்டென்று பெரிதாக ஒன்றும் கிடையாது, சரிந்த பாறையில் நடந்தே ஏறலாம். வயதானவர்கள் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக வந்துவிடுவார்கள். என் அத்தை முழங்கால் வலியோடு ஏறி வந்திருக்கிறார். வழியில் ஒரு சுனை உண்டு. அதன் தண்ணீருக்கடியில் பாறையைக் குடைந்து ஒரு லிங்கம் வைத்திருக்கிறார்கள். தண்ணீரை இறைத்தால் ஒழியத் தெரியாது.

மேலே போனதும் அந்தக் கோயில் சட்டென்று கண்முன் வரும். மேற்குப் பார்த்த கோயில். விமானத்தின் கீழ்த்தளங்கள் சதுரம், உச்சி வட்டம். உள்ளே கருவறை முழுக்க வட்டமாகவே கட்டப்பட்டு, அதைச் சுற்றி நடந்துவர ஒரு இடைவெளி விட்டு, வெளிச்சுவரைச் சதுரமாக எழுப்பியிருக்கிறார்கள். சுற்றிலும் சின்னச் சின்னத் துணைக் கோயில்கள். எட்டு இருந்தவற்றில் ஆறு நிற்கின்றன. தஞ்சைப் பெரிய கோயிலைப் பார்த்துவிட்டு இதைப் பார்ப்பவர்களுக்கு இது மிகச் சிறியது. ஆனால் பெரிய கோயில் எழும்புவதற்கு ஒரு நூற்றாண்டுக்கும் முன்பே இந்தப் பக்கத்துக் கல்தச்சர்களின் கை எவ்வளவு தேறியிருந்தது என்பதை இங்கேதான் தெரிந்துகொள்ள முடிகிறது.

பேர் விஜயாலய சோழீச்சுரம் என்றாலும், கல்வெட்டு சொல்லும் கதை வேறு. சாத்தன் பூதி என்ற இளங்கோவதியரையர் இதைக் கட்டுவித்தார், பெருமழையில் இடிந்து போனது, மல்லன் விடுமன் என்ற தென்னவன் தமிழதியரையன் புதுப்பித்தான் என்று வாயிற்காவலர் சிற்பத்தின் அடியில் பொறித்திருக்கிறார்கள். கட்டியவர் முத்தரையர் குலத்துச் சிற்றரசர் என்பது ஆய்வாளர்கள் பலரின் கருத்து. சோழர், பாண்டியர், பல்லவர் என்று மூன்று பேரை மட்டும் பள்ளிக்கூடத்தில் படித்துவிட்டு வந்த நமக்கு, இவர்களுக்கு நடுவே முத்தரையரும் இருக்குவேளிரும் ஆண்ட நாடு இது என்பது இந்தப் பாறையில் நின்றால்தான் உறைக்கிறது.

கோயிலுக்கு எதிரே இரண்டு குடைவரைகள். ஒன்றில் ஆளுயரத் திருமால் உருவங்கள் பன்னிரண்டு, ஒன்றைப் போலவே இன்னொன்று, சுவரில் வரிசையாக நிற்கின்றன. ஊரில் இதைச் சமணர் குடகு என்கிறார்கள். முன்னால் உள்ள மேடையின் அடிவரிசையில் யாளிகளும் யானைகளும் ஓடுகின்றன. குழந்தைகளைக் கூட்டிப்போனால் அவற்றை எண்ணச் சொல்லுங்கள், அரை மணி நேரம் நகர மாட்டார்கள். மற்றொன்று பழியிலி ஈச்சுரம் என்னும் சிவன் குடைவரை. சாத்தன் பழியிலி என்பவர் அதைக் குடைவித்தார். அவர் மகள் பழியிலி சிறியநங்கை அதற்கு முன்மண்டபம் எடுத்துக் கொடுத்து நிலமும் விட்டாள். பல்லவ மன்னன் நிருபதுங்கனின் ஆட்சிக்காலம், 9ஆம் நூற்றாண்டு. அப்பா தொடங்கிய வேலையை மகள் முன்னெடுத்து, தன் பேரையும் கல்லில் வெட்டிவைத்திருக்கிறாள். அந்த இடத்தில் எனக்கு ஒவ்வொரு முறையும் மனசு நெகிழ்ந்துவிடும்.

இங்கே உட்கார்ந்து இட்லிப் பொட்டலத்தைப் பிரிக்கலாம் என்று தோன்றும். வேண்டாம், கீழே இறங்கி மரத்தடியில் சாப்பிடுங்கள். மேலே குரங்கும் உண்டு, காற்றும் உண்டு. பறக்கும் பிளாஸ்டிக் தாள் சுனையில்தான் போய் விழுகிறது.

சித்தன்னவாசலைப் பற்றிப் பாடப்புத்தகத்தில் படிக்காதவர் இல்லை. ஆனால் ஓவியத்தை மட்டும் பார்த்துவிட்டுக் காரில் ஏறிவிடுகிறவர்கள்தான் அதிகம். குன்றின் மேற்குப் பக்கத்தில் அறிவர் கோயில் என்ற சமணக் குடைவரை இருக்கிறது. ஓவியம் அதற்குள். குன்றின் உச்சிக்குப் போய்க் கிழக்குப் பக்கமாக இறங்கினால் ஏழடிப்பட்டம் என்ற இயற்கைக் குகைத்தளம். இரண்டையும் பார்த்தால்தான் சித்தன்னவாசல் போய்வந்ததாகக் கணக்கு.

வெயில் ஏறுமுன் ஏழடிப்பட்டத்தை முடியுங்கள். பாறையில் வெட்டிய குழிப்படிகளில் கால் வைத்துப் போக வேண்டும், பிடித்துக்கொள்ளக் கம்பி இருக்கிறது. ஒரு பக்கம் செங்குத்துச் சரிவு. தலைசுற்றல் உள்ளவர்கள் மேலேயே நின்றுவிடுவது நல்லது. குகைக்குள் பாறையை வழவழவென்று தேய்த்துச் செய்த படுக்கைகள், தலைவைக்கும் இடம் மட்டும் சற்று உயர்த்தி. மொத்தம் பதினேழு. அவற்றில் ஒன்றின் ஓரத்தில் தமிழ் பிராமிக் கல்வெட்டு. ஏறக்குறைய 2000 ஆண்டுப் பழமை. பிற்காலத்தில் வந்த துறவிகளின் பேர்களும் மற்றப் படுக்கைகளில் உண்டு. இந்தப் படுக்கையில் படுத்தவர்கள் எதிரே பார்த்தது வயலும் குளமும் முட்புதரும் பரந்த இந்த வெளியைத்தான். குன்றைச் சுற்றியுள்ள நிலத்தில் கல்வட்டங்களோடு கூடிய பெருங்கற்கால ஈமக்காடும் இருக்கிறது. காரை மெதுவாக ஓட்டினால் சாலையோரமே கண்ணில் படும்.

பிறகு அறிவர் கோயில். முன்மண்டபத்தின் விதானத்தில் ஒரு தாமரைத் தடாகம். பச்சை இலைகளுக்கு நடுவே தாமரையும் மொட்டும், மீன், வாத்து, யானை, எருமை. தடாகத்தில் இறங்கிப் பூப்பறிக்கும் மூன்று பேர். ஒருவர் தண்டோடு தாமரைகளைத் தோளில் சாய்த்துப் பிடித்திருக்கிறார். தீர்த்தங்கரரின் உரையைக் கேட்கப் போகும் அடியவர்கள் வழியில் பூப்பறிப்பதாகச் சமண மரபில் இதற்கு விளக்கம். முன்தூண்களில் ஆடல் மகளிரும் ஒரு அரசனும் அரசியும். நிறம் மங்கியிருக்கிறது, பல இடங்களில் கரைந்தே போய்விட்டது. வெளி வெயிலிலிருந்து வந்த கண்ணுக்கு முதலில் ஒன்றும் புலப்படாது. ஐந்து நிமிடம் பேசாமல் நில்லுங்கள். கோடுகள் ஒவ்வொன்றாக வெளியே வரும். உள்ளறையில் நின்று மெதுவாக முனகினால் அறை முழுக்க ரீங்காரம் எழும். அங்கிருக்கும் காவலரே செய்து காட்டுவார்.

மதுரையைச் சேர்ந்த இளங்கௌதமன் என்ற சமண ஆசிரியர், 9ஆம் நூற்றாண்டில் பாண்டியன் ஸ்ரீவல்லபன் காலத்தில் இந்தக் குடைவரையைப் புதுப்பித்து முன்மண்டபம் எடுத்தார் என்று தென்புறப் பாறையில் கல்வெட்டு இருக்கிறது. அவர் மதுரையிலிருந்து இவ்வளவு தூரம் வந்து செய்ததை, பக்கத்து மாவட்டத்திலிருந்து வரும் நம் பிள்ளைகள் ஆணியால் கீறிப் பேர் எழுதிக் கெடுத்திருக்கிறார்கள். உங்கள் வீட்டுப் பிள்ளை பாறையில் சாவியை எடுத்தால் அங்கேயே கையைப் பிடித்துத் தடுங்கள். இதில் தயவு காட்டவே கூடாது.

மதியம் புதுக்கோட்டை. ஊருக்குள் நல்ல சாப்பாடு கிடைக்கும், எந்தக் கடை என்பதை அவரவர் நாக்குக்கு விடுகிறேன். சாப்பிட்டதும் திருக்கோகர்ணத்தில் உள்ள அரசு அருங்காட்சியகத்துக்கு வாருங்கள். 1910இல் தொடங்கியது. வெயில் உச்சியில் இருக்கும்போது நிழலும் கிடைக்கும், காலையில் பார்த்ததற்கெல்லாம் பின்னணியும் கிடைக்கும். வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். புதுக்கோட்டை 1948 மார்ச் 3ஆம் தேதி இந்திய ஒன்றியத்தோடு இணையும் வரை தொண்டைமான் மன்னர்களின் சமஸ்தானம். அவர்களுக்கென்று சொந்தமாக அம்மன் காசு என்ற சின்னஞ்சிறு செப்புக்காசு இருந்தது. திருக்கோகர்ணத்துப் பிரகதாம்பாள் உருவம் பொறித்தது. நவராத்திரியில் மக்களுக்கு அரிசியோடு சேர்த்து அதைக் கொடுப்பது வழக்கம்.

அந்தச் சமஸ்தானத்தைப் பற்றி ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். அளவில் சிறியதுதான், ஆனால் தன் எல்லைக்குள் இருந்த கல்வெட்டுகளைப் படியெடுத்து, வாசகங்களைத் தொகுத்து 1929இல் புத்தகமாகவே வெளியிட்டது. சிறியநங்கையின் பேரை நான் இன்று சொல்ல முடிகிறதென்றால், அன்று பாறை பாறையாக ஏறி மைதடவிப் படியெடுத்தவர்களின் உழைப்பு அது.

நாலு மணிக்குக் குடுமியான்மலை. சிகாநாதசுவாமி கோயில் மண்டபத் தூண்களில் குதிரை வீரர்கள், பத்துத் தலை ராவணன், நரசிம்மர், ரதி என்று ஆளுயரச் சிற்பங்கள். சாயங்கால வெளிச்சம் பக்கவாட்டில் விழும்போது நகையின் முத்து முத்தான வேலைப்பாடுகூடத் துல்லியமாகத் தெரியும். லிங்கத்துக்குக் குடுமி முளைத்த கதையைக் குருக்களிடமே கேளுங்கள், சுவையாகச் சொல்வார். ஆனால் நான் இங்கே வருவது கோயிலை ஒட்டிய பாறைக்காகத்தான். மேலைக்கோயில் என்ற குடைவரையின் பக்கத்தில், பாறைச் சரிவில் இசைக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. ஏழு பகுதிகளாக, கிரந்த எழுத்தில், ஸ்வரங்களை நாலு நாலாகப் பிரித்து வரிசை வரிசையாக வெட்டியிருக்கிறார்கள். காலம் 7ஆம் நூற்றாண்டு என்று பலர் சொல்கிறார்கள். மகேந்திரவர்ம பல்லவன் வெட்டுவித்தது என்று நெடுங்காலமாகச் சொல்லப்பட்டாலும், அதில் ஆய்வாளர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. யாராக இருந்தாலும், ருத்ராசாரியார் என்பவரின் மாணவனாகிய ஒரு அரசன், மாணவர்கள் பயில்வதற்காக எழுதியது என்று கல்வெட்டே சொல்கிறது. கடைசியில் ஒரு தமிழ் வரியும் உண்டு. பாட்டுக் கற்றுக்கொள்ளும் பிள்ளை வீட்டில் இருந்தால், கொடைக்கானலை விடுங்கள், இங்கே கூட்டி வாருங்கள். தினமும் நோட்டில் எழுதும் ச ரி க ம, ஆயிரத்து முன்னூறு வருடத்துக்கு முன்பே பாறையில் எழுதப்பட்ட பாடம் என்பதைக் கண்ணால் பார்க்கட்டும்.

வெளிச்சம் இருக்கும்போதே கொடும்பாளூர் போய்விட வேண்டும். இலுப்பூர் வழிச் சாலையில் கொஞ்சம் விரட்டினால் முடியும், இருட்டிவிட்டால் மூவர் கோயிலின் கதவைச் சாத்தியிருப்பார்கள். ‘பொன்னியின் செல்வன்’ படித்தவர்களுக்குக் கொடும்பாளூர் என்றதும் வானதி நினைவுக்கு வருவாள். இந்தக் கோயிலைக் கட்டிய பூதி விக்கிரமகேசரியும் கல்கியின் நாவலில் வருகிறவர்தான். இருக்குவேளிர் குலத்து அரசர். தன் பேரில் ஒன்று, கற்றளி, வரகுணை என்ற இரு தேவியர் பேரில் ஒவ்வொன்று என்று மூன்று விமானங்களை வரிசையாக எடுத்தார். இரண்டு நிற்கின்றன, மூன்றாவதன் அடித்தளம் மட்டும் எஞ்சியிருக்கிறது. விமானத்தில் இருக்கும் அர்த்தநாரியைத் தேடிப் பாருங்கள். பரபரப்பில்லாமல் பார்க்க வேண்டிய சிற்பம். வழிபாடு இல்லாத இடம், புல்தரை, அகலமான வானம். அறுபத்து மூவரில் ஒருவரான இடங்கழி நாயனாரும் இதே ஊர்க்காரர். அடியாருக்கு அமுது படைக்க அரண்மனை நெல்லைத் திருடியவனைத் தண்டிக்காமல் களஞ்சியத்தையே திறந்துவிட்டவர்.

கோவலனும் கண்ணகியும் மதுரைக்கு நடந்தது இந்த வழியாகத்தான். கொடும்பை என்ற இந்த ஊர்க் குளக்கரையில் பாதை சிவனின் சூலம்போல மூன்றாகப் பிரியும் என்று சிலப்பதிகாரத்தில் வழிப்போக்கன் ஒருவன் அவர்களுக்குச் சொல்கிறான். இன்றைக்கும் மதுரை நெடுஞ்சாலை அருகிலேயே போகிறது. இவ்வளவு பழைய பெருவழியில், அதே திசையில், நாம் நூறு கிலோமீட்டர் வேகத்தில் கடந்து போய்விடுகிறோம்.

திரும்பும் வழியில் விராலிமலை. மயில்களுக்குப் பேர்போன முருகன் கோயில். ஆறுமுகனுக்குச் சுருட்டு வைத்துப் படைக்கும் வழக்கம் இங்கே உண்டு. சதிர் ஆடிய பரம்பரையும் இந்த ஊருக்குச் சொந்தம். விராலிமலை முத்துக்கண்ணம்மாளுக்கு 2022இல் பத்மஸ்ரீ கிடைத்தபோதுதான் வெளியுலகம் அந்தப் பேரைக் கேட்டது. கால் ஓய்ந்திருந்தால் கீழிருந்தே கும்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

“ஒரு நாள் தெற்கே போயாச்சு, இன்னொரு நாள் இருந்தா?” என்று கேட்பீர்கள். என் மனசில் இரண்டாவது இடம் வடக்கே. சென்னை நெடுஞ்சாலையில் பாடாலூர் வந்ததும் ஊட்டத்தூர் பக்கம் திரும்புங்கள். காரை, சாத்தனூர் என்று அந்தப் பகுதி முழுக்க ஒரு காலத்தில் கடல். ஓடை அரித்த மண்சரிவுகளில் அம்மோனைட் சுருள்களின் துணுக்குகள் கிடக்கின்றன. சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்துக்கு ஒரு மரம் கல்லாகிப் படுத்திருக்கிறது. சுமார் 12 கோடி ஆண்டுப் பழமை. நிலவியல் ஆய்வாளர் எம்.எஸ். கிருஷ்ணன் 1940இல் அதை வெளியுலகுக்குச் சொன்னார். ஊட்டத்தூர், திருச்சி, அரியலூர் என்ற பேர்களிலேயே இந்தப் பாறையடுக்குகளை நிலவியலாளர்கள் 19ஆம் நூற்றாண்டிலிருந்து அழைத்துவருகிறார்கள். உலகத்தின் எந்த மூலையில் கிரெட்டேசியக் காலத்தைப் படிக்கிறவருக்கும் நம் ஊர்ப்பேர் தெரியும். நம் ஊரில் பலருக்குத் தெரியாது. 2020இல் குன்னத்தில் குளம் தோண்டியபோது வந்த உருண்டைகளை டைனோசர் முட்டை என்று வாட்ஸ்அப்பில் பரப்பினார்கள். அவை அம்மோனைட் படிவங்கள் என்று வல்லுநர்கள் விளக்கிய செய்தி அந்த அளவுக்குப் பரவவில்லை. ஒரு வேண்டுகோள்: ஞாபகத்துக்கென்று ஒன்றையும் பொறுக்கிப் பையில் போடாதீர்கள். புதைபடிவம் கிடந்த இடத்தில் கிடந்தால்தான் அதற்கு அர்த்தம்.

கிழக்கே கல்லணை அரை நாள் வேலை. காவிரி, வெண்ணாறு, புது ஆறு, கொள்ளிடம் நாலும் பிரியும் இடத்தில் தண்ணீர் நிறைந்து ஓடும்போது போக வேண்டும். ஜூனில் மேட்டூர் திறந்த செய்தி வந்ததும் தயாராகுங்கள். அப்படியே கரையோரமாகத் திருவையாறு போய் அசோகா அல்வா வாங்கி வரலாம். மேற்கே தொட்டியம் போகும் வழியில் சீனிவாசநல்லூர் குரங்கநாதர் கோயில், முற்காலச் சோழர் கலையில் மிக அழகான சிற்பங்களில் சில அங்கே இருக்கின்றன. கொல்லிமலையை மட்டும் ஒரே நாளில் போய்த் திரும்பாதீர்கள். எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி, ஆகாய கங்கைக்குப் படியிறங்கி மறுபடி ஏறி, களைத்த கையோடு இருட்டில் இறங்குவது ஆபத்து. மேலேயே ஒரு இரவு தங்கிக்கொள்ளுங்கள்.

தெற்கே போவதற்கு டிசம்பர், ஜனவரி, பிப்ரவரி நல்ல மாதங்கள். மழை ஓய்ந்து குளங்களில் தண்ணீர் நிற்கும். சித்திரை, வைகாசியில் வேண்டவே வேண்டாம். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், தலைக்கு ஒரு துண்டு, குகைக்குள் பார்க்க ஒரு டார்ச். ஓவியத்தின் மேல் அதை அடிக்காதீர்கள். காவலரோடு இரண்டு வார்த்தை பேசுங்கள். எந்தத் தூணில் எது இருக்கிறது, எந்தக் கல்வெட்டு எந்த மூலையில் என்பதை அவர்தான் கையால் தொட்டுக் காட்டுவார். நாள் முழுக்க ஆளே வராத இடத்தில் உட்கார்ந்திருக்கும் அவருக்கும், கேட்க ஒருவர் வந்தது சந்தோஷமாக இருக்கும்.